பதினேழாவது இடம்

பாட்டு சட்டென்று நின்றது. சவப்பெட்டியை மறைக்கும் திரை பாதிதான் மூடியிருந்தது.

ஜில் திரும்பிப் பார்த்தாள். ஷெஃபீல்டின் அந்தத் தகனக்கூடத்தில், பின்சுவரோரம் கறுப்புக் கோட்டு போட்ட ஊழியர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த குடும்பம் பூவும் கையுமாக மழையில் நின்றது.

"மன்னிச்சுக்கங்க. உங்க நேரம் முடிஞ்சிருச்சு."

"பாட்டு முடியலையே."

"எட்டு நிமிஷம் ஓடிருச்சும்மா. மிச்சம் ஒரு நிமிஷம்தானே. அதுல என்ன வந்துறப்போவுது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதை வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம். பாதிரியார் அப்பாவின் பெயரையே தப்பாகச் சொன்ன அந்தப் பிரசங்கத்தை வெட்டியிருக்கலாம்.

அவள் அப்பா நெவில் எஃகு ஆலைத் தொழிலாளி. வியாழக்கிழமைதோறும் பப்பில் உட்கார்ந்து, உலகத்திலேயே சிறந்த ராக் ஆல்பம் எது என்று கூட்டாளிகளோடு அடித்துக்கொள்வார். அவருக்கு முதலிடம் எப்போதும் 'டின்ஸ்லி மூன்'தான். உள்ளூர்ப் பையன்கள் போட்ட ஒரே ஆல்பம். எந்தப் பத்திரிகையின் சிறந்த நூறிலும் அது வந்ததில்லை. இப்போது நின்றுபோனது அதன் கடைசிப் பாட்டு. அதில் மற்றவர்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு டிரம்ஸ்காரன் மட்டும் ஒரு நிமிடம் தனியாக வாசித்துக்கொண்டேயிருப்பான். யாராவது அந்த ஆல்பத்தைக் குறைத்துப் பேசினால், பீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பா கேட்பார்: "கடைசி நிமிஷத்தைக் கேட்டியா, இல்லையா?"

ஜில்லுக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே ஆகாது. சின்ன வயதில் அது தொடங்கியதும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

"மறுபடி போடுங்க," என்றாள்.

"வெளியில ஆள் நிக்கிறாங்கம்மா."

"எங்கப்பா இன்னும் உள்ளதான இருக்காரு?"

பின்வரிசையில் கிளைவ் எழுந்தார். அப்பாவோடு முப்பது வருடம் சண்டை போட்ட கூட்டாளி. போன வாரம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்த மனிதரிடமும், "உன் ஆல்பத்துக்குப் பதினேழாவது இடம். அதுக்கு மேல ஒரு படி ஏத்தமாட்டேன்," என்று வாதாடியவர். ஜில்தான் அவரை வெளியே போகச் சொன்னாள். அவளுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

கிளைவ் நேராகப் போய்க் கதவைத் திறந்தார்.

"ஏன் நனையிறீங்க? உள்ள வந்து உக்காருங்க. எங்க ஆளுக்கு ஒரு பாட்டு பாக்கி இருக்கு." பிறகு ஊழியரிடம் சொன்னார்: "முதல்லேர்ந்து போடுப்பா. நடுவுல ஆரம்பிச்சா அந்த முடிவு விளங்காது."

ஊழியர் வாயைத் திறந்தார். அதற்குள் வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பொத்தானை அமுக்கினார்.

கிட்டார் ஓய்ந்தது. பாடியவன் ஓய்ந்தான். டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஜில் அதை முழுதாகக் கேட்டது அன்றுதான். திரை மெல்ல மூடியது.

வெளியே, குடைக்கடியில் கிளைவ் சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். மழைக்காற்றில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது.

"தேங்க்ஸ், அங்கிள்."

"இருக்கட்டும்மா." கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஆனாலும் பதினேழுதான்."

ஜில் ஏறுவதற்காகத் திறந்த கார் கதவை அடித்துச் சாத்தினாள்.

"பதினேழா? கடைசி நிமிஷத்தைக் கேட்டீங்களா, இல்லையா?"

கிளைவ் அவளையே பார்த்தார். பற்றாத சிகரெட்டைப் பையில் போட்டுவிட்டு, குடையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கேட்டேன். அப்படி என்ன இருக்கு அதுல? சொல்லு."