ஈரத்தில் நின்றவள்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் நான் படுத்திருந்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நின்றுகொண்டிருந்ததாகத்தான் நினைவு. முழங்கால் வரை தண்ணீர். மேலே எரிந்த விளக்கு வெயிலாகக் காய்ந்தது. தலைமாட்டில் ஒரு மெஷின் விடாமல் கூவியது. வாய்க்கால் ஓரத்துப் பறவை என்று நினைத்துக்கொண்டு, நாற்றை ஊன்றியபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தேன். விரல்கள் ஊன்றியதெல்லாம் போர்வை ஓரத்தைத்தானாம்.

நுரையீரலில் சளி கட்டி, மூச்சு நிற்கப்போன நேரத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தொண்டைக் குழாயை எடுத்த பிறகும் என் புத்தி வயலை விட்டு வரவில்லை. மருந்தெல்லாம் சேர்ந்து வயிற்றைக் கலக்கிவிட, நான் பாட்டுக்கு நனைந்துகொண்டே இருந்தேன். இடுப்புக்குக் கீழே, தொடை மடிப்பெல்லாம் தோல் ஊறி வெளுத்து, பிறகு சிவந்து உரிந்தது.

"இது படுத்துப் படுத்து வர்ற புண்ணு இல்லம்மா. ஈரத்துல ஊறி வர்றது" என்றாள் நர்ஸ் பிரகதாம்பாள். "நாங்க வந்து வந்து பாக்குறோம். நடுவுல நனைஞ்சா நீங்கதான் ஒடனே சொல்லணும். தோல் இன்னும் உரிஞ்சுச்சுன்னா கிருமி ரத்தத்துல எறங்கிரும். அப்புறம் காப்பாத்துறது கஷ்டம்."

வரும்போதெல்லாம் "நனைஞ்சிருக்காம்மா?" என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். பொய்தான். வெள்ளை உடுத்தி மேட்டில் நின்று கேட்கிறவரிடம் வேறென்ன சொல்வது?

என் கண்ணுக்கு அது எங்களை வேலை வாங்கின காரியக்காரர் சாரங்கபாணி. கல்யாணமான புதிதில் திருவாரூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் பண்ணையில் நடவுக்குப் போவேன். ஒன்றுக்கு ஒதுங்க வரிசையை விட்டு வரப்பேறிய பெண்ணை அந்த மனுஷன் அன்றைக்கு மறுபடி வயலில் இறங்க விடமாட்டார். அதனால் ஒருத்தியும் ஏறமாட்டாள். நின்ற இடத்தில், தண்ணீருக்குள்ளேயே, புடவையோடு முடித்துக்கொள்வோம். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த நாற்றை எடுப்போம். விரலிடுக்கில் சேற்றுப்புண், தொடையில் எரிச்சல். யாரிடமும் சொன்னதில்லை.

பார்வை நேரத்தில் என் நாத்தனார் வைரக்கண்ணு வந்தாள். அதே வரிசையில் எனக்குப் பக்கத்தில் நட்டவள். போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, தொப்பலா கெடக்கு. வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"மெதுவாப் பேசுடி. சாரங்கபாணி நிக்கிறாரு."

வைரக்கண்ணு சரியான வாயாடி. அன்றைக்கு என்னோடு மல்லுக்கட்டாமல், தள்ளி வெள்ளையில் நின்ற நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, ஒங்களுக்குச் சேதி வரலையா? நம்ம கூலிக்காரங்க சங்கம் ஜெயிச்சிருச்சு. கொடியப் புடிச்சிக்கிட்டு வயல்ல எறங்காம ஒக்காந்தோமே, மிராசுதார் ஒத்துக்கிட்டாரு. இனிமே வேணுங்கிறப்ப வரப்பேறலாம். ஒருத்தரும் கேக்க முடியாது."

அது நடந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. எனக்கென்னவோ அப்போதுதான் சேதி வந்து சேர்ந்தது.

"நெசமாவா?"

"எங்கண்ணன் மேல சத்தியம்."

அவள் அண்ணன் என் வீட்டுக்காரர். அவர் மேல் சத்தியம் என்றால் நம்பாமல் என்ன செய்வது. வயலும் தண்ணீரும் மெல்ல விலகி, கட்டிலும் சுவரும் தெரிந்தன. வெள்ளையாக நின்றது ஒரு பெண்பிள்ளை.

"நர்சம்மா, நனைஞ்சிருக்கு" என்றேன்.

பிரகதாம்பாள் ஓடிவந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் துணியை ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்து, மடிப்பில் களிம்பு பூசினாள். எனக்கு அழுகை வந்தது. எரிச்சலுக்காக அழவில்லை. அன்றைக்கு அந்தத் தண்ணீரில் நின்ற சின்னப் பெண்ணைக் கேட்க ஒரு நாதியில்லையே என்று அழுதேன்.

"வலிக்குதாம்மா?"

"இன்னொரு தரம் நனைஞ்சா கூப்புடட்டுமா?"

"எத்தனை தரம் வேணாலும் கூப்புடுங்க. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

அன்றைக்கு அவளை நாலு தரம் கூப்பிட்டேன். அதில் இரண்டு தரம் ஈரமே இல்லை.