இறால் குட்டை மருந்து

மலேசியாவில், சுங்கை செம்பிலாங்கில் எங்கள் வீட்டுத் தொட்டியில் ஆராய்ச்சிக்காக மூன்று வருஷம் பவளம் வளர்த்தேன். அதன் உடம்புக்குள் வாழும் பாக்டீரியாதான் அதற்குக் காவல். தம்பி திருச்செல்வத்துக்கு இறால் குட்டையில் வேலை. பவளம் சற்று வெளுத்ததைப் பார்த்தவன், நோய்ப்பட்ட இறாலுக்குப் போடும் கிருமிக்கொல்லியைத் தொட்டியில் கொட்டிவிட்டான். இரண்டே நாளில் சதை கரைந்து வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சியது. காவல் பாக்டீரியாவையெல்லாம் கொன்றுவிட்டாயே என்று அழுதேன்.

"கிருமிதானே செத்துச்சுக்கா! இதுக்குப் போய் அழறியே லா!" என்று சிரித்தான்.

வலைக் கம்பை எடுத்து அவன் மண்டையில் அடித்தேன். விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். அம்மா என் கையைப் பிடித்தபோதுதான் தரையெல்லாம் ரத்தம் என்று தெரிந்தது.

தையல் போட்ட டாக்டர், காயம் சீழ் பிடிக்காமலிருக்கக் கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தார். வேளை தவறாமல் நானே கொடுத்தேன்.

"இதுவும் அந்த மருந்துதானாக்கா?" என்றான்.

தண்ணீரை நீட்டினேன்.