பள்ளிமுனையில் நோயாளி இல்லை

“இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் சுகாதார வரலாற்றில், கௌரவ பாராளுமன்றமும் சரி, மாண்புமிகு கடலும் சரி, இதுநாள்வரை கண்டிராத மாபெரும் நிகழ்வொன்று, எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்த கையோடு விடிவெள்ளிக் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் அரங்கேறவுள்ளது என்பதை இத்தால் சகலருக்கும் பேருவகையுடன் அறியத்தருகிறோம்.”

கடலுக்கு ‘மாண்புமிகு’ போட்ட முதல் மனிதர் அருட்பிரகாசமாகத்தான் இருக்கவேண்டும். விடிவெள்ளிச் சங்கத்தின் தலைவர். கடலட்டை பிடிக்கும் வள்ளங்களுக்குச் சம்மாட்டி, அதாவது முதலாளி. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவின் பின்னாசனத்தில், தேரில் இருப்பதுபோல் இருந்து பள்ளிமுனைத் தெருக்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

றஞ்சிதாவுக்கு ஒரு குணம். விளங்காத சங்கதி தெருவால் போனால் மறித்துக் கேட்காமல் விடமாட்டாள். மீன் செதில் ஒட்டிய கையோடு படலையைத் திறந்துகொண்டு வந்து ஓட்டோவின் முன்னால் நின்றாள்.

“என்ன நிகழ்வு சம்மாட்டியார்? நாடகமோ?”

“நாடகமில்லைப் பிள்ளை. எம்.பி. வாறார். ஏழையளும் கட்டக்கூடிய மாதிரி சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தைத் திருத்தப் போயினமாம். அதுக்கு எங்கட எம்.பி. கையுயர்த்த வேணுமெண்டு நாங்கள் வற்புறுத்தப் போறம்.”

“ஆஸ்பத்திரி சும்மாதானே. பிறகென்னத்துக்குக் காப்புறுதி?”

அருட்பிரகாசம் மைக்கை விலக்கிப் பிடித்தார். ஆனால் நிறுத்த மறந்துவிட்டார். ஆகவே தெரு முழுவதும் பாடம் கேட்டது.

“மருந்து சும்மா. நீ ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கிற நாளுக்கு வீட்டில உலை வைக்கிறது ஆர்? வெளியில எடுத்துக்கொண்டு வா எண்டுற ஸ்கானுக்குக் காசு ஆர் தாறது? அதுக்குத்தான் இது.”

“சரி. கட்டிப்போட்டு, நோய் வருத்தம் வராட்டி?”

“கட்டினது போச்சு.”

“அப்ப காசு வீணாப் போகாமல் இருக்க வருத்தம் வரவேணுமெண்டு நேர்த்தி வைக்கிறதோ?”

எதிர்வீட்டு மாக்கிறட் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். “உவளுக்கு விளங்கப்படுத்தி முடிக்க உயிர்த்த ஞாயிறு வந்திடும். நீங்கள் ஓட்டோவை எடுங்கோ சம்மாட்டி.”

றஞ்சிதா பகிடிக்குக் கேட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குள்ளே இருந்த கேள்வி வேறு.

தவக்காலம் தொடங்கிய கிழமை, கோயிலால் திரும்பி வரும்போது அவளுடைய புருஷன் ஜெனிஸ்ரன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். அவனுடைய இடது காற்செருப்பு கழன்று தெருவில் கிடந்தது. அவன் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தான். மத்தியான வெயிலில் தார் கொதித்தது. வேறொருத்தி என்றால் கூப்பிட்டிருப்பாள். றஞ்சிதா செருப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு, இந்த மனிசன் எவ்வளவு தூரம் போகுது பார்ப்போம் என்று பின்னாலே போனாள். கடைவாசல்வரை போனான். அங்கேயும் குனிந்து பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஜெனிஸ்ரன் அருட்பிரகாசத்தின் வள்ளத்தில் சிலிண்டர் கட்டிக்கொண்டு அட்டைக்குக் குளிப்பவன், கடலடிவரை மூழ்கும் குளியாள். அடியில் கனநேரம் கிடந்துவிட்டு அவசரப்பட்டு மேலே வந்தால் உடம்புக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், கை கால் விறைத்துப்போகும் என்பது அந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். தெரியாதது போல் இருப்பதுவும் தொழிலின் ஒரு பகுதி.

“டொக்டரிட்டப் போவம்,” என்றாள்.

“போனா, குளிக்கப்படாது எண்டுவார். சம்மாட்டிக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் பிடிச்சிடுவார். றொசாந்தனுக்கு என்ன நடந்தது?”

றொசாந்தனுக்கு நடந்தது இதுதான். போன வருடம் வள்ளத்தில் வைத்து ஒருதரம் இரத்தமாக இருமினான். அடுத்த நாள் அவனுடைய இடத்தில் இன்னொருவன் இருந்தான். றொசாந்தன் இப்போது உப்புக்குளத்தில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுகிறான். அருட்பிரகாசத்தைக் குறை சொல்லவும் ஏலாது. அரிசி மூட்டையோடு அவன் வீட்டுக்குப் போய்க் கண்கலங்கிவிட்டு வந்தவர். அவருடைய மனம் இளகினது. வள்ளம் மட்டும் இளகாது.

ஞாயிறு வந்தது. மண்டபத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள், மேலே சத்தத்தை மட்டும் தரும் மின்விசிறி. எம்.பி. பிந்தி வந்தார், பொன்னாடை போர்த்தினார்கள், பிந்தியதற்கு அது பரிசுபோல் இருந்தது. அருட்பிரகாசம் நெடுநேரம் பேசினார். வியர்வை, உழைப்பு, அலை, தியாகம் எல்லாம் வந்துபோயின. முடிவில், “எங்கட எம்.பி. இந்தச் சட்டமூலத்துக்கு ஆதரவு தரவேணும். இது எங்கட கோரிக்கை இல்லை, கட்டளை,” என்று சொல்லிவிட்டு, கட்டளை என்றது கொஞ்சம் கூடிப்போச்சோ என்று எம்.பி.யின் முகத்தைப் பார்த்தார்.

எம்.பி. எழும்பினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நியாயமாகத்தான் பேசினார்.

“ஆதரிக்கிறது பிரச்சினையில்லை. ஆனா கொழும்பில கேப்பினம், உங்கட ஆக்களுக்கு இது உண்மையாத் தேவையோ எண்டு. எனக்கு உயிருள்ள உதாரணம் வேணும். இஞ்ச ஆருக்கு என்ன வருத்தம்? கையை உயர்த்துங்கோ பாப்பம்.”

ஒரு கையும் உயரவில்லை.

“வெக்கப்படாதேங்கோ தம்பிமார்,” என்றார் அருட்பிரகாசம், மைக்கில். “என்ர வள்ளத்துப் பொடியளே இதில இருக்கினம். சொல்லுங்கோடா.”

‘என்ர வள்ளம்’ என்ற சொல் கேட்டதும் இரண்டாம் வரிசையில் இருந்த குளியாட்கள் இன்னும் நிமிர்ந்தார்கள். ஆமிக்காரன் சோதனைக்கு வந்தபோதுகூட அவர்கள் அப்படி நிமிர்ந்ததில்லை. ஒருவனுக்கு இருமலை அடக்கி அடக்கி முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

“நீ எப்பிடியடா?”

“சுகம்.”

“நீ?”

“எனக்கென்ன சம்மாட்டி. மாடு மாதிரி இருக்கிறன்.”

எம்.பி.க்கு மெத்தச் சந்தோசம். “கடற்காத்தும் மீன் சாப்பாடும் எண்டா இதுதான். இப்பிடிச் சுகதேகியளை நான் ஒரு இடத்திலயும் காணேல்லை. இதைக் கட்டாயம் சபையில சொல்லவேணும்,” என்றார். பக்கத்தில் இருந்த செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். பள்ளிமுனைக்குக் காப்புறுதி தேவையில்லை என்பது பள்ளிமுனையின் வாயாலேயே பதிவாகிக்கொண்டிருந்தது. அருட்பிரகாசம் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிழை அதற்குள் இருப்பதுபோல்.

றஞ்சிதா முகங்களைப் பார்க்கவில்லை. கதிரைகளுக்குக் கீழே கால்களைப் பார்த்தாள். ஜெனிஸ்ரனின் செருப்பு மறுபடி கழன்றிருந்தது. எம்.பி.க்கு உடைத்த சோடாவின் மூடி உருண்டுவந்து கிடந்தது. பல் மேலே பார்த்தபடி கிடந்த அந்த மூடிக்குமேல் அவனுடைய இடது கால் ஆறுதலாக இருந்தது.

அவள் எழும்பினாள்.

“ஐயா, ஒரு கேள்வி. கோவிக்காதேங்கோ. உங்களுக்குக் காப்புறுதி இருக்கோ?”

“இருக்குப் பிள்ளை. எம்.பி.மார் எல்லாருக்கும் இருக்கு.”

“உங்களுக்கு ஒரு வருத்தம் வந்தா, உங்கட கதிரையை வேற ஆளுக்குக் குடுத்திடுவினமோ?”

மண்டபம் சிரித்தது. எம்.பி.யும் சிரித்தார். “அப்பிடியெண்டா சபையில அரைவாசிக் கதிரை எப்பவோ கைமாறியிருக்கும்.”

“இஞ்ச குடுத்திடுவினம் ஐயா. அதுதான் ஒருத்தருக்கும் வருத்தமில்லை.”

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் மின்விசிறியில் திடீர் அக்கறை வந்தது. எம்.பி. அருட்பிரகாசத்தைப் பார்த்தார். அருட்பிரகாசத்தின் கையில் மைக் இருந்தது. கையில் மைக் இருக்கும்போது அவர் எப்போதும் உத்தமர்.

“மாதாவாணை,” என்றார். “வருத்தமெண்டு சொல்லுற ஒருத்தனுக்கும் என்ர வள்ளத்தில இடம் போகாது. தவக்காலத்தில சொல்லுறன்.”

கைதட்டல் எழுந்தது. செயலாளர் படம் எடுத்தார்.

ஜெனிஸ்ரன் திரும்பி மனைவியைப் பார்த்தான். கோபமா, பயமா, அவளுக்கே பிடிபடவில்லை. அறியத்தான் அவளும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, விடை தெரியாத பிள்ளை வாத்தியாருக்குக் காட்டுவதுபோல், அவனுடைய கை தோள்மட்டத்துக்கு உயர்ந்தது.

“இடது கால் ஐயா. கீழ என்ன கிடக்குதெண்டு தெரியுதில்லை.”

பக்கத்தில் இருந்தவன் குனிந்து சோடாமூடியைப் பிடுங்கி எடுத்தான். உள்ளங்காலில் பூப்போல வட்டமாகத் தடம் விழுந்து, இரண்டு இடத்தில் இரத்தம் கசிந்தது. ஜெனிஸ்ரனும் மற்றவர்களைப்போலவே அதை எட்டிப் பார்த்தான்.

அதோடு அடக்கிவைத்த இருமல் வெடித்தது. ஒருவனுக்குக் காது, ஒருவனுக்கு முதுகு. கோயில் ஏலத்தில்கூட அவ்வளவு போட்டி இருந்ததில்லை. மாக்கிறட் தன் முழங்காலைப் பற்றி ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அருட்பிரகாசமே தனக்குப் பிறஷர் என்றார். அதையும் மைக்கில்தான் சொன்னார். “கட்டாயம் கையுயர்த்துவன்,” என்று எம்.பி. வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஏசினார். இப்போதாவது வந்தது நல்லது, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கவேண்டும், கால் திரும்பும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கன மாதத்துக்குக் கடலில் இறங்கக்கூடாது என்றார். காற்று எப்படி உள்ளே போனது, எந்த நரம்பில் நிற்கிறது, எப்படி வெளியே வரும் என்று றஞ்சிதா கேட்டுக்கொண்டே இருந்தாள். டொக்டர் கடைசியில் காகிதத்தில் கீறிக் காட்டினார்.

யாழ்ப்பாண பஸ்ஸில் ஜெனிஸ்ரன் கேட்டான். “இப்ப உமக்குச் சந்தோசமோ?”

“சந்தோசமெண்டில்லை. என்னவெண்டு தெரிஞ்சுது.”

“உலை வைக்கிறது ஆரெண்டு தெரிஞ்சுதோ?”

அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். “அதைத்தான் எம்.பி. சொல்லவேணும்.”

எம்.பி. சொன்னார். அதே கிழமை பாராளுமன்றத்தில் எழும்பி, ‘உணர்விழந்த ஒரு காலின் உணர்வுகள்’ என்று உருக்கமாகப் பேசினார். மேசைகளில் தட்டினார்கள். சட்டமூலம் மேலும் ஆராய்வதற்கென ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டது. அருட்பிரகாசம் அந்த வீடியோவைச் சங்கத்தின் வட்சப்பில் போட்டு, கீழே கும்பிடுகிற கைகளை வரிசையாக வைத்தார். ஜெனிஸ்ரனின் இடம் போகவில்லை என்றும், அவன் வரும்வரை தற்காலிகமாகச் சிலாவத்துறை நஸாரை எடுத்திருப்பதாகவும் அறிவித்தார். அன்று வள்ளம் வழமைபோல் வெளிக்கிட்டது.

நஸாருக்கு இடது காது கேட்பதில்லை. அதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை.