உங்க இஷ்டம்

என் மேல தப்பே இல்லைன்னு முதல்லயே சொல்லிடறேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

மச்சான், அதாவது என் மனைவியோட தம்பி, இருந்த வேலையை உதறிட்டு ஐஸ்கிரீம் கடை போட்டான். பழைய ஃப்ரீசர் ஒண்ணு கிடைச்சுது. குளிரைப் பார்த்து மோட்டாரை நிறுத்துற போர்டு மட்டும் அவுட்.

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாமே" என்றாள் மனைவி.

"எதுக்கு? சி புரோகிராம்ல நாலு வரி. நானே எழுதிக் குடுக்கறேன்."

"உங்க இஷ்டம்."

சரின்னுதானே அர்த்தம்? அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன். எழுதி, என் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன். தங்கமா ஓடுச்சு. வெறும் போர்டு ஒண்ணு வாங்கி அதுல ஏத்திக் குடுத்துட்டேன்.

கடை திறக்கிற அன்னிக்குக் காலையில போன் வந்தது. "மாமா, கரண்டி வளைஞ்சுடுச்சு."

"எதுல?"

"ஐஸ்கிரீம்ல."

நானும் மனைவியும் ஓடினோம். ஃப்ரீசர் மோட்டார் நிக்காம உறுமிக்கிட்டிருந்தது. உள்ளே இருந்ததை வெச்சு மதில் கட்டலாம். டிஸ்ப்ளேல வெப்பம் 226 டிகிரி. கொதிக்கிற தண்ணியைவிடச் சூடுன்னு நினைச்சுக்கிட்டு அது பாட்டுக்குக் குளிர வெச்சுக்கிட்டே இருக்கு.

மச்சான் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தான். "சாயங்காலம் எல்லாரையும் வரச் சொல்லிட்டேன் மாமா. இதுவும் போச்சுன்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பழைய ஆபீசுக்குப் போவேன்?"

லேப்டாப்பைத் திறந்து தலையைச் சொறிஞ்சதுல விஷயம் பிடிபட்டுச்சு. "தப்பு சார்லதான் இருக்கு."

"எந்த சார் மாமா? கடைக்கு யாருமே வரலையே."

"அந்த சார் இல்லடா. சி-யில சின்ன எண்ணை வைக்கிற டப்பாவுக்கு அதான் பேரு. அதுக்குள்ள மைனஸ் வருமா வராதான்னு நாம சொல்லணும். சொல்லலைன்னா, நாம எழுதினதை மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர் பாடு. என் கம்ப்யூட்டர் கம்பைலர் வரும்னு எடுத்துக்கிச்சு. இந்தப் போர்டோடது வராதுன்னு எடுத்துக்கிச்சு. மைனஸ் முப்பது 226 ஆயிடுச்சு."

"ரெண்டுல எது சரி?" என்றாள் மனைவி.

"ரெண்டும் சரிதான். சி-யோட விதியே 'உங்க இஷ்டம்'னு விட்டிருக்கு. எவனாவது ஒரு விதியை இப்படி எழுதுவானா?"

அவள் என்னையே பார்த்தாள். "அந்தக் கம்பைலர் முன்கூட்டியே ஒண்ணும் சொல்லலையா?"

"வார்னிங் குடுக்கும். நொய்நொய்னு எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கேன்னு நான்தான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோதான் எனக்குக் கிலி.

'மைனஸ் உண்டு'ன்னு சொல்ல ஒரே ஒரு வார்த்தை சேர்த்தேன். வார்னிங் எல்லாத்தையும் ஆன் பண்ணினேன். இன்னும் ரெண்டு ஓட்டை தெரிஞ்சுது, அடைச்சேன். போர்டுல ஏத்தினதும் டிஸ்ப்ளே மைனஸ் முப்பதுன்னு காட்டி, மோட்டார் நின்னுது. மூணு பேரும் ஃப்ரீசரைத் திறந்து வெச்சுக்கிட்டு ஐஸ்கிரீம் இளகக் காத்திருந்தோம். சாயங்காலம் கூட்டம் வந்தப்போ கரண்டி வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. மச்சான் கண்ணுல தண்ணி. எனக்கும்தான், சொல்றதுக்கென்ன.

கூட்டம் கலைஞ்சதும் அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "பில் மெஷினுக்கும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க மாமா. நாலு வரிதானே?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

"ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கோடா" என்றேன்.