வெய்க்கோவின் மூன்று வேட்டு

அப்பாவின் துப்பாக்கியை என்ன செய்ய வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. என் முன்னாள் கணவன் விற்றுவிடச் சொன்னான். அவனிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. பாதிரியார் ஷெரீஃப் ஆபீஸில் ஒப்படைத்துவிடச் சொன்னார். பெரியப்பா ரெய்னோ போன் மேல் போன் போட்டார்.

"நீ சொல்ற விலைக்கு நானே எடுத்துக்கிறேன் சில்வி. பேரமே பேசமாட்டேன்."

பெரியப்பா பேரம் பேசாமல் ஒரு டஜன் முட்டைகூட வாங்கியவர் இல்லை. எங்கோ உதைக்கிறதே என்று அப்போதே நினைத்தேன்.

அது செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்த குண்டு தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வேட்டைக் குடிலில் மற்றவர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் தாழை இழுத்துத் தள்ளிச் சுடுகிற ரகம். அவர்களுக்கு அப்பாவின் துப்பாக்கி வெறும் 'தையல் மெஷின்'. மானைக் கண்டால் அப்பாவுக்குக் கை நிற்காது. டப் டப் டப் என்று மூன்று வேட்டு போடுவார். மான் வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடும். குறி தவறியவனின் சட்டையில் பின்பக்கத் துண்டை வெட்டி, பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் குடிலின் சுவரில் பாதி அப்பாவின் சட்டைதான். காட்டில் மூன்று வேட்டு சேர்ந்தாற்போல் கேட்டால் போதும், "கத்திரிக்கோல எடுங்கப்பா, வெய்க்கோ வரான்" என்று அப்பா பேரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த அப்பா போன வருஷம் வேட்டை சீசன் தொடங்கிய நாளிலேயே, தன் மறைவிடத்தில் உட்கார்ந்தபடி மாரடைப்பில் போய்விட்டார். "ஒரே நொடிதான்மா. வலி தெரிஞ்சிருக்காது" என்றார் பெரியப்பா. நம்பினேன்.

எங்கள் குடிலுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. செத்தவனின் துப்பாக்கி யாரிடம் போகிறதோ, அவனுடைய படுக்கையும் அவருக்குத்தான். அப்பா துப்பாக்கியை என் பேருக்கு எழுதி வைத்துவிட்டார். அந்தக் குடிலில் இதுவரை எந்தப் பெண்ணும் படுத்ததில்லை. நான் கவுண்டி நிர்வாகத்துக்குச் சாலையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள். பத்து டன் வண்டியை ஐஸில் திருப்புவேன், ஆனால் சீசன் தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி வந்தால் சமையலறை ஜன்னல் வழியாக அவர்கள் வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அந்தப் படுக்கை வேண்டும். சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்தே வேண்டும். பெரியப்பா துப்பாக்கியைக் கேட்பது என்னை உள்ளே விடாமல் இருக்கத்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அதனால் யாரிடமும் சொல்லாமல், சீசனுக்கு முந்தின நாள் மத்தியானம் துப்பாக்கியோடு போய் இறங்கினேன்.

அடுப்பில் கறி அடைத்த பேஸ்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அர்மண்ட்தான் முதலில் பார்த்தார். அப்பாவின் சிநேகிதர், குடிலின் சமையல்காரர். மானைவிட வெண்ணெய்க்குத்தான் அவர் அதிகம் குறிவைப்பார்.

"அட, தையல் மெஷின் வந்திருச்சு! சட்டை எத்தன கொண்டாந்திருக்க பொண்ணே?"

"உங்க சட்டைய வெட்ட கத்திரிக்கோல்தான் கொண்டாந்திருக்கேன்."

பெரியப்பாவின் மகன் கர்ட் சிரித்தபடி என் பையை வாங்கி, ஜன்னலோரம் இருந்த அப்பாவின் படுக்கையில் வைத்தான். பெரியப்பா சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு சீசன் ஆசைக்கு இருந்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்கிட்ட குடுத்துரு."

"குடுக்கலன்னா?"

"பிடிவாதம் பண்ணாத சில்வி."

"பொம்பள குறட்டை விட்டா உங்களுக்குத் தூக்கம் வராதா பெரியப்பா?"

அர்மண்ட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். பெரியப்பா சவுனாவுக்கு, அதாவது எங்கள் நீராவிக் குளியல் அறைக்கு, விறகு எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடியலில் அப்பாவின் மறைவிடத்தில் உட்கார்ந்தபோது என் இதயம் அடித்த அடிக்கு மான் பயந்து ஓடாததே ஆச்சரியம். சுற்றிலும் ஹெம்லாக் மரங்கள், புதுப் பனி, மூச்சு விட்டால் புகை. தூரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மற்ற குடில்களின் வேட்டுச் சத்தம். விரல் விறைத்தது, மூக்கு ஒழுகியது. இதைவிடச் சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்திருந்ததில்லை.

பத்து மணி வாக்கில் முதலில் ஒரு பெட்டை மான் வந்தது. அதன் பின்னாலேயே அவன் வந்தான். கழுத்து தடித்த கிடா, கொம்பில் இரண்டு பக்கமும் நாலு கிளை. தரையை மோந்துகொண்டே நேராக என்னை நோக்கி வருகிறான். காதுக்குள் ரத்தம் இரைந்தது. பாதுகாப்புப் பொத்தானைத் தள்ளிச் சுடத் தயாரானேன். இன்னும் ஓர் அடி, பக்கவாட்டில் திரும்பு ராசா, திரும்பு.

அப்போது ஆற்றுப்பக்கம் இரும்பு முறிகிற சத்தமும், தொடர்ந்து ஒரு மனிதனின் அலறலும் கேட்டன. கிடா ஒரே தாவலில் மறைந்துவிட்டது. பெரியப்பா மரத்தில் கட்டி உட்காரும் பரண் அந்தப் பக்கம்தான்.

பாதுகாப்புப் பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டுப் பனியில் விழுந்து எழுந்து ஓடினேன். சதுப்பின் ஓரத்து மேப்பிள் மரத்தில் பரணின் ஏணி இரண்டாக மடிந்து கீழே கிடந்தது. பெரியப்பா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். பரணில் ஏறுகிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதே வார் தொடையில் இறுகி நெரித்துக்கொண்டும் இருந்தது. வலது கை தோளிலிருந்து கழன்று ஆடியது. முகம் சாம்பல் நிறம்.

இப்படித் தொங்குகிறவன் காலில் ரத்தம் தேங்கிக் கொஞ்ச நேரத்திலேயே போய்விடுவான் என்று எங்கள் லாரி டிப்போவில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வாரின் கொக்கி அவர் பிடரிக்குப் பின்னால், எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அந்தக் காட்டில் போனில் சிக்னல் என்றைக்கும் வந்ததில்லை. வேறு வழி தெரியாமல் மரத்தடியில் போய் நின்று, அவர் பூட்ஸ் இரண்டையும் என் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

"நில்லுங்க! எம்மேல ஏறி நில்லுங்க!"

"உன்னால தாங்க முடியாதுடி..."

"வாய மூடிட்டு நில்லுங்க பெரியப்பா!"

நின்றார். அந்த எடையில் என் பூட்ஸ் பனிக்குள் புதைந்தது. ஆனால் வார் தளர்ந்து அவருக்கு மூச்சு வந்தது. ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துப்பாக்கியை இடுப்பில் அணைத்து, எதிரே இருந்த அழுகிய அடிமரத்தைப் பார்த்து அழுத்தினேன். உதவிக்கு மூன்று வேட்டு, உலகம் பூராவும் அதுதான் கணக்கு. நடுக்கத்தில் டப் டப் டப் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வெடித்துவிட்டது.

"வந்துருவாங்க. கர்ட் ஆத்துக்கு அந்தாண்டதான இருக்கான், இப்ப வந்துருவான்" என்றேன்.

 மேலே இருந்து அவர் அழுகிற சத்தம் கேட்டது.

"வரமாட்டாங்க சில்வி. அந்தத் துப்பாக்கி கூப்புட்டா யாரும் வரமாட்டாங்க."

"என்ன உளர்றீங்க?"

"போன வருஷமும் மூணு கேட்டுச்சு. நாங்க குடில்ல சூப்பு குடிச்சிட்டு இருந்தோம். அர்மண்ட் கத்திரிக்கோல எடுத்துட்டான். கர்ட் மட்டும் எதுக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்னு எந்திரிச்சான். நான்தான்... உக்காந்து சூப்பக் குடிடா, உங்க சித்தப்பன் எப்பவும் போல கோட்ட விட்டிருப்பான்னு சொன்னேன். சாயங்காலம் போய்ப் பாக்குறோம், பனியில மான் தடமே இல்ல. அவன் வானத்தப் பாத்துச் சுட்டிருக்கான்."

என் தோளில் அவருடைய எடை முழுவதும் இருந்தது. ஒரே நொடிதான், வலி தெரிஞ்சிருக்காது என்று சொன்ன மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓர் எட்டு விலகிவிடத் தோன்றியது. ஓர் எட்டுதான். தோன்றியதை மறைக்கப் போவதில்லை.

"அதுக்குத்தான் கேட்டேன் உங்கிட்ட. வாங்கிட்டுப் போய் ஏரியில போட்டுரலாம்னு. அந்தச் சத்தத்த இன்னொரு தடவ என்னால கேக்க முடியாதுடி. நீ உள்ள வரதுல எனக்கு என்ன கஷ்டம்?"

"இத எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?" கத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கையில்லை. "எங்கப்பா கூப்புட்டிருக்காரு! கூப்புட்டுட்டு உக்காந்திருக்காரு!"

"ஆமா" என்றார்.  பூட்ஸ் என் தோளில் வழுக்கியது. அவர் நினைவு தப்புகிறார் என்று புரிந்தது.

"தூங்காதீங்க! பெரியப்பா! இத எப்படிச் சுட்டா வருவாங்க? சொல்லுங்க!"

"மெதுவா..." என்றார் குழறலாக. "வெய்க்கோ... ஒருநாளும் மெதுவா சுட்டதில்ல."

இரண்டு குண்டுதான் மிச்சம். ஒன்றைச் சுட்டேன். விரல் அடுத்ததற்குப் பறந்தது; பல்லைக் கடித்து நிறுத்தினேன். காட்டில் எதிரொலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்தேன். இரண்டாவதைச் சுட்டேன். துப்பாக்கி காலியாகி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பாக்கெட்டில் துழாவினேன். வந்த குண்டு விறைத்த விரலில் நழுவிப் பனிக்குள் போனது. கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அடுத்த குண்டு கையில் நின்றது. அதைப் போட்டு மூடி, அதே இடைவெளி விட்டு, மூன்றாவதைச் சுட்டேன்.

அதற்குப் பிறகு நின்றதுதான் கஷ்டம். பெரியப்பாவைத் தூங்கவிடாமல் திட்டிக்கொண்டே நின்றேன். அவர் மீன் பிடிக்கிற லட்சணத்தைத் திட்டினேன், சீட்டாட்டத்தில் அவர் செய்யும் திருட்டுத்தனத்தைத் திட்டினேன், அப்பாவுக்காகத் திட்டினேன். திட்டு தீரும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரை மிதித்துக்கொண்டு கர்ட் ஓடி வந்தான். மரத்தில் தாவி ஏறி வாரை அறுத்தான்; நாங்கள் மூன்று பேரும் குவியலாகப் பனியில் விழுந்தோம்.

"முதல்ல கேட்டப்ப நீயும் மானைத்தான் கோட்ட விட்டுட்டன்னு நெனச்சேன்" என்றான் மூச்சு வாங்க. "அப்புறம் ஒண்ணு ஒண்ணா வந்துச்சு பாரு. சித்தப்பா துப்பாக்கி நிதானமா வெடிச்சு என் ஆயுசுல கேட்டதில்ல. ஓடியாந்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் கழன்ற தோளைத் திரும்பப் பொருத்தி, ஒரு ராத்திரி வைத்துக்கொண்டு விட்டார்கள். மறுநாள் காலையில் கர்டின் வண்டியில் வந்து இறங்கியவர், கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கிய கையோடு நேராக என்னிடம் வந்தார்.

"ஏரிக்குப் போவோமா? நானும் வரேன். நீயே போடு."

"துப்பாக்கி மேல என்ன தப்பு பெரியப்பா?" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "அது கூப்புட்டுச்சு. நீங்கதான் வரல. இது எங்கிட்டதான் இருக்கும். படுக்கையும் என்னோடதுதான். வருஷா வருஷம் சத்தத்தக் கேட்டுட்டு உக்காந்திருங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மறுநாள் விடிவதற்குள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அப்பாவின் மறைவிடத்துக்குப் போய்விட்டேன்.

அதே கிடா வந்தான். சத்தியமாக அவனேதான், அந்தக் கழுத்து எனக்கு மறக்குமா? இந்தத் தடவை யாரும் அலறவில்லை. திரும்பினான், பக்கம் காட்டினான், படம் எடுக்கச் சொல்வதுபோல் நின்றான். மூச்சைப் பிடித்தேன், நிதானமாகத்தான் அழுத்தினேன். டப். அவன் துள்ளியதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. டப் டப். கிடா வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். ஒரு ரோமம்கூடக் கீழே விழவில்லை. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். நான் அப்பாவின் மகள்தான், இதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா?

சிரித்து முடிக்கவில்லை, மரங்களுக்கு நடுவே ஆள் ஓடிவரும் சத்தம். கர்ட் இல்லை. கர்ட் பின்னால் வந்துகொண்டிருந்தான், அவனுக்கும் பின்னால் ஏப்ரனோடு அர்மண்ட். எல்லோருக்கும் முன்னால், தூளியில் கட்டிய கையோடு, சட்டைப் பொத்தான்கூடப் போடாமல், ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் காலுறையுமாகப் பெரியப்பா முழங்கால் ஆழப் பனியில் விழுந்து விழுந்து ஓடி வந்தார்.

"எங்க? எங்க அடிபட்டுச்சு? சில்வி! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல பெரியப்பா. மான் போயிருச்சு. கோட்ட விட்டுட்டேன்."

அவர் நின்றார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்புறம் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்; மூச்சு இரைத்தது.

"வந்துட்டேன்ல?" என்றார். "இந்தத் தடவ வந்துட்டேன்ல?"

நானும் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தேன்.

"வந்துட்டீங்க பெரியப்பா" என்றேன்.