மேடையோரத்தில் நின்ற ஆம்புலன்ஸ்

சுகன்யாவுக்குச் செம்போத்து என்றால் உயிர். சாத்தான்குளத்துக்காரன் ஜெபஸ்டினும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து நடத்துகிற பாட்டுக்குழுவுக்குத்தான் அந்தப் பெயர். நர்சிங் படித்த காலத்தில் அவளும் ஜெசியும் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டி அந்தப் பாட்டுகளைக் கேட்பார்கள். வார்டன் வந்து கத்தினால்கூட ஒரு காதில்தான் விழும்.

அந்தக் குழு பாளையங்கோட்டை மைதானத்தில் பாட வருகிறது என்றதும் ஜெசி முதல் ஆளாக டிக்கெட் எடுத்துவிட்டாள். சுகன்யாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸில் டெக்னீசியன் வேலை. அவள் இல்லாமல் வண்டி நகராது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவளிடம், கச்சேரிக்கு முந்தின நாள் டிரைவர் பீர் மைதீன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, ஒனக்கு டிக்கெட்டே வேண்டாம். நாளைக்கு நம்ம வண்டியத்தான் அங்கன நிறுத்தச் சொல்லியிருக்காங்க. மேடைக்குப் பக்கத்துலயே."

சுகன்யா நின்ற இடத்திலேயே குதித்துவிட்டாள். ஜெசிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பெருமை பேசினாள்.

மறுநாள் மத்தியானம் குறுக்குத்துறையிலிருந்து அழைப்பு வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. குளிக்க இறங்கிய பையனை இழுத்துவிட்டது. படித்துறைக்குக் கீழே யாரோ பிடித்துக் கரையேற்றியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன். வண்டியில் ஏற்றியதும் அவன் நெஞ்சை அமுக்கத் தொடங்கிய சுகன்யா, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. அவனுடைய அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, மகனின் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

"கால் சூடாத்தானம்மா இருக்கு? சூடாத்தான இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அது அந்த அம்மாவின் கைச்சூடு. சுகன்யா, "ஆமாக்கா" என்றாள். உள்ளே டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வண்டித் தரையில் ஆற்றுமணல் கிடந்தது. மைதீன் தண்ணீர் ஊற்ற, சுகன்யா தள்ளிக் கழுவினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பசியும் இல்லை.

"வீட்டுக்குப் போறியாம்மா? வேற ஆள வரச் சொல்லுதேன்" என்றார் மைதீன்.

"என்னத்துக்குண்ணே? போவோம்" என்றாள். வீட்டுக்குப் போனால் மட்டும் என்ன செய்யப்போகிறோம் என்று இருந்தது.

இருட்டத் தொடங்கியபோது கச்சேரி ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்திலிருந்து மேடை கூப்பிடு தூரம்கூட இல்லை. ஸ்பீக்கர் அதிர்வில் வண்டிக் கதவு நடுங்கியது. ஜெபஸ்டினின் கழுத்தில் வியர்வை ஓடுவதும், இடது செருப்பின் வார் பிய்ந்திருப்பதும் தெரிந்தது. இத்தனை வருஷம் கைக்குள் அடங்குகிற திரையில் பார்த்த முகம். 'ஜெபஸ்டின்தான்' என்று நினைத்தாள். பஸ் போர்டைப் படிப்பதுபோல அதைப் படித்தாள், அவ்வளவுதான். மைதானமே எழுந்து ஆடியது. அவள் வாய் தானாக வரிகளை முணுமுணுத்தது. காது அதைக் கேட்கவில்லை.

ஐந்தாறு பாட்டு முடிந்திருக்கும். மேடைக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "அக்கா, பாட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டாரு!"

ஜெபஸ்டினைத் தூக்கி வந்து அவளுடைய வண்டியில் கிடத்தினார்கள். அவள் கை வேலையைப் பார்த்தது. நாடி, பிரஷர், சர்க்கரை. காலையிலிருந்து சாப்பிடாமல் வெக்கையில் நின்றிருக்கிறான். ஊசி குத்தி டிரிப்ஸ் போட்டாள். ஆட்களை வெளியே நிற்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான்.

"பயப்படாண்டாம். பைய மூச்சு விடுங்க" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். "ஒங்கள மேடைல இருந்தே பாத்தேன்க்கா. எல்லாரும் ஆடுதாங்க, நீங்க மட்டும் மரம் மாதிரி நிக்கீங்க. இன்னைக்கு நல்லா பாடலையோன்னு நெனச்சிட்டேன்."

"நல்லாத்தான் பாடுனீங்க."

"எங்க பாட்டெல்லாம் கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"எது பிடிக்கும்?"

ஒரு பாட்டின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. டிரிப்ஸ் குழாயைச் சரி செய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். "மத்தியானம் ஒரு பையன இதே ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டுப் போனோம். பொழைக்கல" என்றாள். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

ஜெபஸ்டின் வண்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "எனக்கு என்ன சொல்லன்னு தெரியலக்கா."

"ஒண்ணும் சொல்லாண்டாம்."

டிரிப்ஸ் பாதி இறங்கியதும் எழுந்து உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. ஊசியைப் பிடுங்கிப் பஞ்சு வைத்து அமுக்கினாள். விழாக்காரர் ஒருவர் போனை நீட்டி இருவரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். சிரித்தாள்.

மேடையேறியவன் மைக்கில் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே அடுத்த பாட்டைத் தொடங்கினான். நல்லவேளை என்று பட்டது. அன்று சாயங்காலம் முழுக்க மனசில் ஏதாவது பட்டது என்றால் அது ஒன்றுதான்.

கூட்டம் கலைந்ததும் ஜெசி தலைகலைந்து, தொண்டை கட்டிப்போய் ஓடி வந்தாள்.

"ஏட்டி சுகன்யா! அவன ஒன் வண்டியிலதான ஏத்துனாங்க? கையத் தொட்டியா?"

"தொட்டேன்."

"எப்படிட்டி இருந்துச்சு?"

சுகன்யா யோசித்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "தொண்ணூத்தாறு."

"என்னது?"

"நாடி."

ஜெசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தும் எதிரே நின்றவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஜெசி மைதீனைப் பார்த்தாள்.

"மத்தியானம் குறுக்குத்துறையில ஒரு பிள்ள போயிட்டும்மா. அதுலேருந்து இப்படித்தான் இருக்கு" என்றார் அவர்.

ஜெசியும் நர்ஸ்தான். வேறு எதுவும் கேட்காமல் சுகன்யாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு வா" என்று ஸ்கூட்டரில் கூட்டிப்போனாள். ஜெசியின் அம்மா சாரம்மாள் ரசஞ்சோறு போட்டாள். தட்டில் இருந்ததால் சுகன்யா சாப்பிட்டாள். சீருடையை மாற்றக்கூடத் தோன்றாமல் பாயில் சாய்ந்தாள்.

ஜெசி பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அவன் பேரு என்னட்டி?"

"ஜெபஸ்டின்."

"ச்சீ, அந்தப் பையன் பேரு."

"செந்தில்முருகன்" என்றாள் சுகன்யா. கொஞ்சம் கழித்து, "நாங்க போகும்போது அவனப் படியில கிடத்தியிருந்தாங்க" என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். ஜெசி கையை நீட்டி விளக்கை அணைக்கப் போனவள், அணைக்காமல் திரும்பிப் படுத்துக் கேட்டாள்.