தலைகீழாக ஒட்டிய ராணி

அன்று சனிக்கிழமை பிற்பகல், தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் சின்ன ஊரான மூண்டாவின் இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தபால்தலைச் சங்கச் செயலாளர் கிளாரி ஓட்ஸ். தேநீர்ப் பொறுப்பில் இருந்த பெரில் ஹாக்கிங். ஆர்தர்டன் சாலையில் பார்லி பயிரிடும் க்வெண்டா ட்ரெசைஸ். அடிலெய்டிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர் லெனோர் ஹாஸ்லம். வெர்ரன் பால்கிங்ஹார்னாகிய நான். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக இன்று சொல்லிக்கொள்பவர்கள் அன்று கால்பந்து மைதானத்தில் இருந்தார்கள்.

மறுநாள் காலை எங்கள் சங்கத்தின் கண்காட்சி. அது முடிந்ததும் லெனோரின் காட்சிப் பலகைகள் அடிலெய்டில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்குப் போக இருந்தன. பழைய கடித உறைகளையும் தபால் கார்டுகளையும் கொண்டு, அவற்றை எழுதியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. தபால்தலை இருந்த மூலையைக் கத்தரித்துக்கொண்டு மிச்ச உறையைக் குப்பையில் போட்ட எங்கள் ஊர்ச் சேகரிப்பாளர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வேலையைவிட இது மேலானது. அதை நான் என்றும் மறுத்ததில்லை.

ஆனால் அவருடைய மூன்றாவது பலகைக்கு அவர் வைத்திருந்த தலைப்பு 'ஒரு பென்னிக் காதல்'.

அதில் வரிசையாகத் தபால் கார்டுகள். என் சித்தப்பா மகன் இறந்தபின் அவன் வீட்டுச் சாமான்களோடு ஏலத்தில் போனவை. எல்லாவற்றிலும் ஒரே முகவரி: திரு. ஜோசையா பால்கிங்ஹார்ன், தபால் ஒப்பந்தக்காரர், மூண்டா. அவர் என் தாத்தா. எழுதியவர்கள் எல்லாரும் பெண்கள், பண்ணைக்கு ஒருத்தி. கீழே முழுப்பெயர் இல்லை, முதலெழுத்து மட்டும். செய்தியிலும் ஒன்றுமில்லை. கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன, தெற்குக் காற்று, எல்லாரும் நலம். ஆனால் ஒரு பென்னி விலையுள்ள சிவப்புத் தபால்தலையில் ராணி தலைகீழாக இருந்தாள். சில கார்டுகளில் சாய்ந்திருந்தாள்.

அந்தக் காலத்துக் காதலர்கள் தபால்தலையைக் கவிழ்த்தும் சாய்த்தும் ஒட்டி ரகசியம் பேசினார்களாம். அதற்கு விளக்கம் அச்சடித்த கார்டே கடைகளில் விற்றதாம். அப்படி ஒன்றையும் லெனோர் பலகையில் மாட்டியிருந்தார். கவிழ்ந்த தலைக்கு அதில் போட்டிருந்த பொருள்: 'உன்னைக் காதலிக்கிறேன்.'

"உங்க தாத்தா வாரத்துக்கு ரெண்டு தடவ அவ்ளோ ஆசையா ஏன் வண்டியப் பூட்டினார்னு இப்பத்தான் தெரியுது, கசின்," என்றார் கிளாரி. எங்கள் ஊரில், இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வழி வந்த எல்லாரும் ஒருவரையொருவர் கசின் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எனக்கு உறவில்லை.

நான் லெனோர் பக்கம் திரும்பினேன்.

"என் தாத்தா இருபது வருஷத்துக்கு மேல இந்தப் பாதையில தபால் கொண்டுபோனவர். ஒரு பை தொலைஞ்சதில்ல, ஒரு பை நனைஞ்சதில்ல. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பிரசங்கம் பண்ணினவர். இந்தத் தலைப்பு அவருக்குப் பொருந்தாது."

"நான் அவரத் தப்பாவே சொல்லல, மிஸ்டர் பால்கிங்ஹார்ன். ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். உங்களுக்குச் சங்கடமா இருந்தா பேர மறைச்சிடறேன். முகவரி மேல ஒரு துண்டுத் தாள் வச்சாப் போதும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். "அதான் சரி, விட்டுடுங்க," என்றார் கிளாரியும்.

"வைக்கக் கூடாது," என்றேன். "பேர மறைச்சா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி. பேர் இருக்கட்டும். ஆராய்ச்சியச் சரியாப் பண்ணுங்க. கள்ளக் காதல் பண்றவ ஊரே படிக்கிற மாதிரி கார்டுலயா எழுதுவா? உறைக்குள்ள போட்டு ஒட்ட மாட்டாளா?"

"அதுக்காகத்தானே இந்தத் தபால்தலை பாஷை."

"அந்த விளக்கம் எங்கயோ நகரத்துல அச்சடிச்சது. இவங்க இங்க பால் கறந்தவங்க."

"அப்ப தலைய எதுக்குக் கவுத்து ஒட்டினாங்க?"

எனக்குத் தெரியாது. தாத்தாவைத் தெரியும், கார்டுகளைத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கார்டாகத் தபால் முத்திரையைப் படித்துக்கொண்டு போனேன். முதல் வரிசையில் ஒன்று ஆர்தர்டன், 1908. ராணி தலைகீழ். கீழே 'ஓ' என்ற ஓரெழுத்து.

"க்வெண்டா," என்றேன், "ஆர்தர்டன் ரோட்ல அப்ப 'ஓ'ன்னு யாரு?"

கேக்கை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியோடு திரும்பினாள்.

"ஓர்பா. எங்க அப்பாவோட அம்மா. எதுக்குக் கேக்குற?" கேட்டுவிட்டுத்தான் பலகையின் தலைப்பைப் பார்த்தாள். முகம் சிவந்தது. "ஓஹோ! உங்க தாத்தா மானத்தக் காப்பாத்த எங்க வீட்டு மானத்த எடுக்கிறியா? பள்ளிக்கூடத்துலயே நீ இப்படித்தான். வழுக்கி விழுந்தா பக்கத்துல நிக்கிறவளையும் இழுத்துக்கிட்டுத்தான் விழுவ!"

"நான் சொல்லல. பலகை சொல்லுது."

"பலகையா? காட்டு அத."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டுக்கு மூக்கைக் கொண்டுபோனாள். முத்திரையை இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நிற்கவில்லை.

"ஜூலை ஒம்பது! எங்கப்பா பொறந்தது அதே வருஷம் ஜூலை பன்னெண்டு! ஏம்மா லெனோர், நெறமாச வயித்த வச்சுக்கிட்டு எங்க பாட்டி தபால்காரனுக்குக் காதல் கார்டா எழுதினாங்க? அவங்களால குனிஞ்சு பூட்ஸ் கயித்தக்கூடக் கட்டியிருக்க முடியாது!"

கிளாரி சிரித்தார். லெனோர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த கார்டுக்குப் போனார்.

"கன்லிஃப் முத்திரை. மார்ச் கடைசி. தலை சாஞ்சிருக்கு. 'மே'ன்னு எழுத்து."

கிளாரியின் சிரிப்பு நின்றது. "மேரியன். எங்க பெரிய பாட்டி. அவங்க மகன் ராய் பெரியப்பா பொறந்தது அந்த ஏப்ரல்லதான்."

"கவுந்தா உடனே வா. சாஞ்சா சீக்கிரம் வா," என்றார் லெனோர் மெதுவாக. "ஆனா ஏன் தபால்காரருக்கு?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அவர் வீட்டுல இருந்தவங்க திர்சா. அவரோட தங்கச்சி, மருத்துவச்சி. இந்தப் பக்கத்துல பாதிப் பேரப் பொறக்க வச்சவங்க. மருத்துவச்சிக்குக் கார்டு போட்டா, யார் வீட்டுல விசேஷம்னு கவுன்ட்டர்ல நிக்கிற அத்தன பேருக்கும் தெரிஞ்சிடும். அந்தக் காலத்துல பிரசவம்ங்கிற வார்த்தையவே பொம்பளைங்க எழுத மாட்டாங்க. அடுத்த வீட்டு ஆம்பளைக்கு ஒட்டின உறை அனுப்பினா அதவிட மோசம். தபால் ஒப்பந்தக்காரருக்குக் கோழி முட்டையப் பத்தி எழுதினா யார் என்ன கேப்பாங்க? போஸ்ட் ஆபீஸ்ல பையப் பிரிச்சுக் கார்டக் கொடுத்ததும் ராணி தலைகீழா நிக்கிறது அவர் கண்ணுல படும். குதிரை அவர்கிட்ட இருந்துச்சு, தங்கச்சிய ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவார்."

லெனோர் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்களும் தெரிந்த பிறந்தநாள்களைச் சொன்னோம். ஒரு கார்டில் மட்டும் அவர் நின்றார்.

"பாஸ்க்வில், 1910. கவுந்த தலை. ஹாக்கிங் வீடுன்னு நெனக்கிறேன். ஆனா அந்த வருஷம் அங்க குழந்தை யாரும் இல்லையே?"

"இருந்துச்சு," என்றார் பெரில். கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தியிருந்தார். "கல்லறைத் தோட்டத்துல சின்னக் கல்லு இருக்கு. பேர் இல்ல, வருஷம் மட்டும்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வண்டி நேரத்துக்குப் போச்சா, வெர்ரன்?"

"தெரியாது, பெரில்."

"போயிருக்கும். அந்தக் குழந்தையோட அம்மா பொழச்சாங்களே. அதுக்கு அப்புறம்தான் எங்க மாமனார் பொறந்தாரு."

தேநீர்ப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

லெனோர் அந்தத் தலைப்பைத் தானே கழற்றினார். அச்சடித்த விளக்கக் கார்டையும் எடுத்தார். புதிய அட்டையில் கையால் எழுதத் தொடங்கி, "திர்சாவோட முழுப் பேர் சொல்லுங்க," என்றார். திர்சா கிரேஸ் பால்கிங்ஹார்ன் என்றேன். எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"எங்க பாட்டிக்கும் வெறும் 'ஓ' வேணாம்," என்றாள் க்வெண்டா. "ஓர்பா ட்ரெசைஸ்னு பெருசாப் போடுங்க."

கிளாரி ஒரு தட்டில் பாஸ்டி என்ற இறைச்சிப் பலகாரத்தை வைத்து என்னிடம் நீட்டினார். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தாத்தா இதைத் தன் மகனிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெண்கள் வாய் திறந்து சொல்லாத விஷயத்தைச் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்திருப்பார். கார்டுகளைக் கிழிக்கவுமில்லை. எங்கள் குடும்பம் அப்படிப்பட்டது.

அடிலெய்டில் அந்தப் பலகைக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதிலிருந்து, ஜோசையாவே பண்ணை பண்ணையாகப் போய்ப் பிரசவம் பார்த்தார் என்றும், ஒரு தடவை தபால் வண்டிக்குள்ளேயே குழந்தையை எடுத்தார் என்றும் ஊரில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. ஜோசையா பால்கிங்ஹார்ன் ஒரு பிரசவமும் பார்த்ததில்லை. பார்த்தவர் திர்சா. தாத்தா வண்டி ஓட்டினார்.